ஒலிநாடாவில் விழுந்த ஆமென்

தொண்ணூறுகளில் லிங்கராஜபுரத்தில் ஒரு வீட்டின் பின்னறையில்தான் எங்கள் வானொலி நிகழ்ச்சி பதிவானது. வெளிச்சத்தம் புகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை, ஜன்னலுக்கு மெத்தை. கர்நாடக ராகத்தில் ஒரு கீர்த்தனை, ஒரு தமிழ்க் கவிதை, அதைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு, கடைசியில் ஜெபம். நாடா வெளிநாட்டுக்குப் போய், அங்கிருந்து சிற்றலையில் நம் வீடுகளுக்குத் திரும்பி வரும். அதுவரை நிகழ்ச்சியை வாசித்துக்கொண்டிருந்த டீச்சர் கல்யாணமாகிப் போய்விட, சபையில் நான் வேதபாடம் வாசிப்பதைக் கேட்டிருந்த தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

நான் எட்டாவதோடு நின்றவள். கார்மெண்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். நிகழ்ச்சிக் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர், "எட்டாவது படிச்சவங்க இலக்கியம் பேசினா ஜனங்க ரேடியோவ ஆஃப் பண்ணிடுவாங்க" என்றாராம். ஒரே ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்து போட்டுக்காட்டுவது, குழுவுக்குப் பிடிக்காவிட்டால் வேறு ஆள் என்று முடிவானது. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ழகரம் வழுக்குமோ, இருமல் வருமோ, கரண்ட் போகுமோ என்று ஒரே யோசனை. கரண்ட் போனாலும் பழி என்மேல்தான் என்று தோன்றியது.

பதிவன்று தங்கவயலிலிருந்து ஒரு தம்பதி ரயிலேறி வந்தார்கள். மனைவி பாடுவார், கணவர் வயலின். மிருதங்கத்துக்கு ஜோகுபாளையத்து முருகன் கோயிலில் வாசிப்பவர். கீர்த்தனையும் கவிதையும் நான் பயந்த அளவுக்கு இல்லாமல் முடிந்தன. ஜெபத்தில்தான் சிக்கல். வயலின் மெல்ல இழைய, அதன்மேல் நான் ஜெபித்து, ஆமென்னையும் நானே சொல்லி முடிக்க வேண்டும். முடித்தேன். கூடவே தம்பதி இருவரும் "ஆமென்" என்றார்கள்.

"அண்ணே, நீங்க சொல்லக் கூடாது" என்றார் தயாரிப்பாளர்.

மறுபடி எடுத்தோம். மறுபடியும் சொன்னார்கள்.

"பொறந்ததுலேந்து சொல்ற வாயி தம்பி. ஜெபம் முடிஞ்சா தானா தொறந்துக்குது" என்றார் வயலின்காரர்.

மிருதங்கக்காரர் சிரித்தார். "என்ன ஜனம்யா நீங்க! கொஞ்ச நேரம் சும்னே இருக்க முடியாதா? என்னப் பாத்துக் கத்துக்கங்க."

"ஒங்களுக்கென்ன, ஒங்க சாமி இதெல்லாம் கேக்க மாட்டாரு" என்றார் அந்த அம்மா.

ஒவ்வொரு முறையும் எனக்குப் பயம்தான் கூடியது. அவர்களுடைய ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. கடைசியாக ஒரு தடவை என்றார்கள். இனிப் பயந்து என்ன ஆகப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு, மைக்கை மறந்து, வீட்டில் ஜெபிப்பதுபோல் ஜெபித்தேன். தம்பதி இருவரும் கையால் வாயைப் பொத்திக்கொள்ளாத குறை. நான் முடித்தேன். அந்த அமைதியில் கணீரென்று ஒரு "ஆமென்" வந்தது. மிருதங்கக்காரர்!

"ஐயையோ, எனக்கும் ஒட்டிக்கிச்சே" என்று தலையில் கை வைத்தார். அதற்குள் வயலின்காரர் பெட்டியை மூடிவிட்டார். நாடா அப்படியே போனது.

பிரேசர் டவுனில் ஒரு வீட்டு முன்னறையில் குழு கூடியது. நான் கதவோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர் கால்மேல் கால் போட்டு, கையைக் கட்டிக்கொண்டார். நாடாவில் கவிதை ஓடியபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்து ஜெபம். அந்த ஆமென்னைக் கேட்டால் தொலைந்தோம் என்று நினைத்தேன்.

ஜெபம் தொடங்கியது. பேராசிரியர் காலை இறக்கினார். தலை குனிந்தது. எல்லோர் தலையும் குனிந்தது. நாடாவில் அந்தக் கணீர்க் குரல் ஒலித்தபோது, அறை முழுக்க "ஆமென்" என்றது, எல்லோரையும்விடச் சத்தமாகப் பேராசிரியர்.

கண் திறந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பரீட்சை வைக்க வந்தவர்கள் ஜெபித்துவிட்டிருந்தார்கள். முதலில் சிரித்தவர் பேராசிரியர்தான்.

"இதுக்கு மேல என்னத்த மார்க் போடறது? இந்த அம்மாவே வாசிக்கட்டும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த ஆமென்னையும் வெட்டாதீங்க" என்றார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தேன். அந்தக் கவிதையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்திருக்கிறேன்போல. பின்னால் ஹாரன் அடித்த ஆட்டோக்காரர், "யம்மா, ரோட்ட உட்டுட்டுப் பாடும்மா!" என்று கத்தினார். ஓரமாக ஒதுங்கி, இன்னும் உரக்கச் சொன்னேன்.