சகாயநாதனின் சிவப்புச் சாயம்

சாக்கடை மூடியைக் கம்பியால் நெம்புவதற்கு முன் சகாயநாதன் மூன்று முறை தட்டுவார். உள்ளே கரப்பான்கள் குடும்பம் நடத்துகின்றன, சொல்லாமல் கொள்ளாமல் திறப்பது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி. கோயிலுக்குப் போகும் அதே வெள்ளைச் சட்டையில்தான் மைசூரின் பாதாளச் சாக்கடைகளைச் சோதிக்கிறார்.

அவர் பொறுப்பில் உள்ள குழாய்க்கு நாற்பது வயது. ஓடைக்கரையை ஒட்டியே ஓடுகிறது, ஊரெல்லாம் ஒழுகுகிறது. இதை வேறு பாதைக்கு மாற்றச் சொல்லி அவர் எழுதிய கடிதங்களுக்கு ஒரு நாள் பலன் கிடைத்தது. ஓடையைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்து, இரு கரையிலும் முப்பது மீட்டருக்குத் தோண்டக் கூடாது என்று பலகை நட்டார்கள். ஆக, குழாயும் பத்திரமாகிவிட்டது. கசிவை நிரூபித்தால் மட்டும் தோண்ட அனுமதி உண்டாம்.

கீழே சற்றுத் தள்ளி, கீரை விற்கும் ரங்கம்மா அதே ஓடையில் கீரை அலசுகிறாள். முதல் கட்டு போவது பொறியாளர்களின் குடியிருப்புக்கு. அங்கே குழந்தைகளும் சாப்பிடுகிறார்களே என்பதுதான் சகாயநாதனின் கவலை.

போன மாதம் சாக்கடைக்குள் பச்சைச் சாயத்தைக் கொட்டிப் பார்த்தார். ஓடை பச்சையானது. அலுவலகம் 'பாசி' என்று எழுதிக் கோப்பை மூடப் பார்த்தது. இந்த முறை சிவப்பு வாங்கினார்.

நேற்று பொறியாளர் ஹ்ருஷிகேஷ் ஓடைக்கரைக்கே வந்தார், 'கசிவு இல்லை' என்று முன்கூட்டியே தட்டச்சு செய்த அறிக்கையோடு. சகாயநாதன் கையெழுத்துப் போட்டால் கோப்பு முடிந்தது, குழாய் அங்கேயே கிடக்கும். பத்து நிமிஷம் பொறுக்கச் சொன்னார் சகாயநாதன். மூடியை மூன்று முறை தட்டித் திறந்து சிவப்புச் சாயப் பொடியைக் கொட்டினார். பிறகு இருவரும் பலகை நிழலில் நின்றார்கள். கரையோரம் மெல்லச் சிவந்து, ஓடை முழுக்கப் பரவியது.

மேலே யாராவது புடவை அலசியிருப்பார்கள் என்றார் ஹ்ருஷிகேஷ், பேனாவை நீட்டியபடி.

"இருக்கும் சார். பேப்பர்ல ஒழுகல. ஹள்ளத்துல, இந்த ஓடைல மட்டும்தான் ஒழுகுது, அல்வா?" 'இல்லையா' என்பதைக் கன்னடத்தில் கேட்டார் சகாயநாதன்.

சகாயநாதன் பேனாவை வாங்கவில்லை. அறிக்கையை மட்டும் வாங்கி, குனிந்து, ஓடைத் தண்ணீரில் நிதானமாக முக்கி எடுத்தார். சிவப்பு சொட்டச் சொட்ட, இரண்டு கைகளாலும் மரியாதையாகப் பொறியாளரிடம் நீட்டினார்.