பொடி டப்பா மேல் ஒட்டிய பெயர்

எதையும் நம்பாமல் இருப்பதற்காகவே அரசாங்கம் எனக்கு முப்பது வருஷம் சம்பளம் கொடுத்தது. சான்றிதழ்ப் பிரிவில் வேலை. பள்ளிச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி என்றால் மனுவைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்களையும் அப்படித்தான் அனுப்பினேன். "ஒரு எழுத்துதானே சார்" என்பார்கள். அந்த ஒரு எழுத்தில்தான் எல்லாத் தில்லுமுல்லும் ஒளிந்திருக்கிறது என்பது என் கட்சி. ஓய்வு பெற்ற பிறகு அலுவலகம் போவது நின்றது. அந்தப் புத்தி நிற்கவில்லை.

மகள் மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறேன் என்றபோது, அங்கிருந்து வந்த அனுமதிக் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ரப்பர் ஸ்டாம்பையே காணோம். "ஸ்டாம்ப் இல்லாத லெட்டர எப்படிமா நம்பறது?" என்றேன். அது மெயிலில் வந்ததுப்பா என்று தலையில் அடித்துக்கொண்டாள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை மட்டும் நான் யாரிடமும் விடவில்லை. வேங்கிக்காலில் ஒரு பிரவுசிங் சென்டரில் டைப் அடிக்கிறவருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்து எழுத்தாக நானே சொன்னேன்.

போய்ச் சேர்ந்தாள். மாணவர் விடுதியில் தனி அறை, ஆறு பேருக்குப் பொதுவாக ஒரு சமையலறை. அந்த ஆறு பேரில் ஆண்களும் உண்டு என்பதை நான் விழுங்கவே ஒரு மாதம் ஆயிற்று. "எல்லாரும் வெளிநாட்டுக்காரங்கப்பா. நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட கிடையாது" என்று அவளாகவே சொன்னாள். கேட்காமலே சொல்கிற தகவலைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அலுவலகப் பழக்கம். குறித்து வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் வீடியோ காலில் வருவாள். முதலில் அவள் அம்மா பேசுவாள். நான் பக்கத்தில் பேப்பர் படிப்பதுபோல் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு ஞாயிறு, போனுக்குள் ஓர் ஆண் குரல் கேட்டது. "அண்ணா, காபி?" மகள் சட்டென்று திரும்பி என்னவோ சொல்லிவிட்டு, போனை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ணகரம் கொஞ்சம் வழுக்கியிருந்தது. வெள்ளைக்காரன் வாயில் அவ்வளவுதான் வரும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் வெள்ளைக்காரன் ஒருவனுக்கு 'அண்ணா' என்று கூப்பிட யார் சொல்லிக்கொடுத்தது? அங்கே ஒரு தமிழன் இருக்கிறான். எல்லோரும் அண்ணா என்று கூப்பிடுகிற அளவுக்குப் பழகிப்போனவன். அப்படி ஒருத்தன் இல்லவே இல்லை என்று என் மகள் சொன்ன ஆள்.

அடுத்த வாரம் ஒரு பெண் குரல் "அண்ணா, அண்ணா" என்று சிரித்தது. அதற்கடுத்த வாரம் கையும் களவுமாகச் சிக்கியது. அம்மா கொடுத்தனுப்பிய இட்லிப் பொடி இன்னும் இருக்கிறது என்று காட்ட, மகள் சமையலறை அலமாரியைத் திறந்து போனை நீட்டினாள். டப்பாவின் மேலேயே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. நம் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் 'அண்ணா' என்று எழுதுகிற அதே எழுத்துகள். ஆக, என் வீட்டில் இடித்த பொடி அவன் பங்கில் இருக்கிறது. அவனுக்கு இவள் இட்லி வேறு ஊற்றுகிறாள்.

மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு அடி அண்ணாமலை பிறந்த ஊர். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அந்த ஊர்ப் பெயரைச் சொன்னதில்லை. "கிரிவலப் பாதையில" என்பாள். மலையின் பெயரே எனக்கும் பெயர் என்பதால் வந்த வினை. தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்துக் கோஷம் போடும்போது, இவள் மட்டும் முன்பாதியை விழுங்கிவிட்டு "அரோகரா" என்பாள்.

"அண்ணன்னுதானங்க கூப்பிடறாங்க. இருந்துட்டு போட்டும்" என்றாள்.

"நீயும் என்ன மொதல்ல அண்ணான்னுதான் கூப்ட்ட" என்றேன்.

அவள் அண்ணனின் சிநேகிதனாக அந்த வீட்டுக்குள் நுழைந்தவன் நான். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

நான் முடிவு செய்தேன். இந்த செமஸ்டரோடு சரி. லீவுக்கு வருகிறவளைத் திரும்ப அனுப்புவதில்லை. பாதிப் படிப்பு போனால் போகட்டும். உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. அவள் என்னிடம் பொய் சொல்லிவிட்டாள் என்பதுதான் அந்தப் பயம். அதைக் கோபமாக மாற்றிக்கொள்வது எனக்குப் பழகிய வேலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனை நானே எடுத்தேன்.

"யாரு அந்த அண்ணா?"

"எந்த அண்ணாப்பா?"

"நாலு வாரமா காதுல விழுது. பொடி டப்பா மேலயே பேரு ஒட்டியிருக்கு. லீவுக்கு வரும்போது எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு வந்துடு. படிச்சது போதும்."

திரையில் அவள் முகம் ஒரு நிமிஷம் அசையவே இல்லை. நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"நான்தாம்பா அது" என்றாள்.

நம்பவில்லை. "ஐடி கார்டு எடுத்துட்டு வந்து காட்டு" என்றேன். கொண்டுவந்து கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். மேலே கொட்டை எழுத்தில் என் பெயர். கீழே பொடி எழுத்தில் அவள் பெயர்.

"குடும்பப் பேரு கட்டத்துல உங்க பேர போட்டீங்கல்ல? இங்க அதான் மொதல்ல வருது. மொத நாள் கிளாஸ்ல ப்ரொஃபசர் என் பேர படிக்க நாலு தடவ முயற்சி பண்ணாரு, வரல. அப்புறம் உங்க பேர படிச்சாரு. அதுல முன்பாதி இங்க பொண்ணுங்க பேருப்பா, தெருவுக்கு ஒருத்தி இருக்கா. அன்னையிலேர்ந்து அதே பேரு."

அவள் பெயரில் ஒரு ழகரம் உண்டு. பிடிவாதமாக அந்தப் பெயரைத் தேடி வைத்தவன் நான்.

"ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையா வெச்ச பேருப்பா. இங்க அத ஒருத்தரும் கூப்பிடலன்னு தெரிஞ்சா வருத்தப்படுவீங்கன்னு..." அழுதாள்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டிருக்கலாம். இனிஷியலை விரித்து, கம்பீரமாக, எழுத்துப் பிழை இல்லாமல் என் பெயரைச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இந்த மனு என் மேஜைக்கு வந்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் திருப்பி அனுப்பியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

எட்டிப் பார்த்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "இத்தினி வருஷமா நான் ஒரு தடவ சொல்லல. அங்க எல்லாரும் உங்க பேர சொல்லி வா போன்னு கூப்பிடறாங்களா?" என்றாள். அவளுக்கு அதுதான் கவலை.

"அப்ப நான் திரும்பி வந்துடணுமாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"படிப்ப முடிச்சிட்டே வா" என்றேன். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு தடவ என் பேர சொல்லுங்களேன்" என்றாள். "வீட்ல ரெண்டு பேரும் பாப்பாங்கறீங்க. இங்க அண்ணாங்கறாங்க. என் பேர சொல்லி யாராச்சும் கூப்ட்டு ஒரு வருஷம் ஆவுது."

யோசித்துப் பார்த்தேன். பள்ளியில் சேர்த்த அன்று சொன்னது, பிரவுசிங் சென்டரில் சொன்னது. அவளைப் பார்த்து எப்போது சொன்னேன் என்று நினைவுக்கு வரவில்லை.

சொன்னேன். ழகரம் வர வேண்டிய இடத்தில் ளகரம் வந்து விழுந்தது.

"ழ ப்பா" என்றாள்.

மறுபடி சொன்னேன். மறுபடியும் அதே ளகரம்.

"ஒரு எழுத்துதானம்மா, விடு" என்றேன்.

அவள் விடவில்லை.