படிக்கட்டுக்கு அடியில் வைத்த மீன்தலைகள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதம். கனடாவின் மொன்றியலில், டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் எனக்கும் மனைவியின் தம்பிக்கும் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் லீவு கிடைத்தது. வடக்கே, வீதியே போகாத ஓர் ஆற்றில் மீன் பிடிக்கப் போனோம். தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம் எங்களை ஒரு மரக்குடிலில் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டது. அங்கே இருந்தது வழிகாட்டிப் பெண் ஒருத்தி மட்டும்தான்.

முதல் நாளே எனக்கு அவள் மேல் சந்தேகம். மீனை அவளே வெட்டுவாள். சதையை மட்டும் எங்களிடம் தந்துவிட்டு, தலை, குடல் எல்லாவற்றையும் வாளியில் போட்டு, படகில் தனியே எங்கோ கொண்டுபோவாள். நானும் வருகிறேன் என்றால் மறித்துவிடுவாள். கேட்டால், மணத்துக்குக் கரடி வரும் என்று பிரெஞ்சில் சொல்வாள்.

"அத்தான், ஆரும் மீன்தலையை எறிவினமோ? ஆருக்கோ கொண்டுபோய்க் குடுக்கிறாள்" என்றான் மைத்துனன்.

"ஓம், எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்துறாள்" என்றேன்.

பதினைந்து வருடம் பிறர் பெட்டிகளோடு மாரடித்தவன் நான். ஒளிக்கிறவர்களின் முகம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. கறித்தூளும் பழப்புளியும் வேறு கொண்டுபோயிருந்தோம். மூன்றாம் நாள் அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, வாளியிலிருந்து மூன்று பெரிய தலைகளை எடுத்து, தமிழ்க் கடைப் பையொன்றில் கட்டிப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் குழம்பு வைக்கத் திட்டம்.

விடிந்ததும் மைத்துனன் முகம் கழுவ ஆற்றுக்குப் போனான். சற்று நேரத்தில் "அத்தான்!" என்று ஒரு சத்தம். கதவைத் திறந்தால், படிக்கட்டடியில் ஒரு கரடி பையைக் கிழித்துக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி அவன் துவாயோடு விறைத்துப்போய் நின்றான். கரடி தலையைத் தூக்கி அவனைப் பார்த்து ஓரடி வைத்தது.

தான் படுக்கும் பக்கத்துக் கொட்டிலிலிருந்து அவள்தான் ஓடிவந்தாள். அவனுக்கும் கரடிக்கும் நடுவில் நின்று, சட்டியைக் கரண்டியால் அடித்து அடித்துக் கத்தினாள். அது ஒரு தலையைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

கிழிந்த பையை அவள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பார்டோன்" என்று மன்னிப்புக் கேட்டேன். வேறு பிரெஞ்சு வாயில் வரவில்லை. அவள் குனிந்து மீதித் தலைகளைப் பொறுக்கி வாளியில் போட்டாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலை வாளியைத் தூக்கியவள், வா என்று எனக்குக் கை காட்டினாள். நடு ஆற்றில் நீரோட்டம் படகைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் எனக்கு உயிரே போய் வந்தது; இதற்குத்தான் என்னை மறித்திருக்கிறாள். அங்கேதான் அவள் வாளியைக் கவிழ்த்தாள். சுற்றிவர ஒரு வீடில்லை, ஓர் ஆளில்லை.

கரடி வந்த கதையை மனைவியிடம் பலமுறை சொல்லிவிட்டேன். அவளுடைய தம்பியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கரடியைக் கூப்பிட்டது என் சந்தேகம்தான் என்று அவளிடம் சொல்ல, இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.