கதைக்கு ஒரு துரோகி

மலைப் பனியில் ஊறிய வாரப் பத்திரிகைக்குத் தனி வாடை உண்டு. அச்சு மையும் ஈரச் சாக்கும் மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற அந்த வாடையோடுதான் சரித்திரத் தொடர்கதைகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. கொடைக்கானலிலிருந்து வரும் பேருந்தின் நடத்துனர் அப்பாவின் தேநீர்க்கடை வாசலில் பத்திரிகையைப் போட்டுவிட்டுப் போவார். ஒட்டிக்கிடக்கும் பக்கங்களை அடுப்பனலில் காட்டி, கிழியாமல் பிரித்து, யாரும் தொடுமுன் நான் வாசித்துவிடுவேன். பூம்பாறையைத் தாண்டிக் கிளாவரை போகிற சாலையில் இருந்த ஊர் அது. பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒருமுறை அச்சில் ஏறி அது பட்ட பாடு போதும்.

எங்களோடு இருந்த அமுதா சித்தி, அம்மாவின் தங்கை, வேறு கட்சி. கொடைக்கானல் பேருந்து நிலையக் கடையில் துணிகளைப் போலக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருக்கும் மாத நாவல்கள்தான் அவளுக்கு உயிர். துப்பறிவாளன், கொலை, மாமியார் சண்டை, மழையில் நனையும் காதலர்கள் என்று எது கிடைத்தாலும் பூண்டு உரித்துக்கொண்டே வாசித்து முடித்து, அதே வேகத்தில் மறந்தும் போவாள். குதிரைகளும் கோட்டைகளும் நிறைந்த என் உலகத்தின் முன் அவை எனக்கு வெறும் குப்பையாகத் தெரிந்தன.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் எழுத்தாளர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். கழுத்தில் கம்பளி மஃப்ளர், கையில் தோல் பை. கொடைக்கானலில் அறை எடுத்துத் தங்கி, சில நாட்கள் பேருந்தில் வந்து அப்பாவின் கடை பெஞ்சில் உட்கார்ந்து தேநீரும் பஜ்ஜியும் சாப்பிட்டபடி மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு மேலே நின்ற பெரிய பாறையைக் காட்டி அதன் பெயர் என்ன என்று ஒருநாள் கேட்டார்.

"ராசாப்பாறைன்னு சொல்லுவாங்க. ஏன்னு தெரியாதுங்க" என்றார் அப்பா. பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். அப்பா சொன்னது அவ்வளவுதான்.

சில மாதங்களில் தொடர்கதை ஆரம்பமானது. எங்கள் ஊரின் பெயரையே அச்சில் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சமவெளியில் தோற்ற அரசன் ஒருவன் தன் இளம் மனைவியோடு மலையேறி ராசாப்பாறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். எங்கள் ஊரின் தலைவனான பெரியதனக்காரன் எதிரிகளிடம் பொன்முடிப்பை வாங்கிக்கொண்டு வழி காட்டிவிடுகிறான். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'இச்செய்தியை அவ்வூரில் தேநீர்க்கடை நடத்தும் அன்பர் ஒருவர் வாயிலாக அறிந்தேன்.'

ஊரில் தேநீர்க்கடை ஒன்றுதான்.

பெரியதனம் அப்போது பொன்னையா வீட்டில் இருந்தது. பல தலைமுறையாக அவர்கள் வீட்டில்தான் இருந்தது. மறுநாள் வெள்ளனே அவர் கடை முன் வந்து நின்றார். பெஞ்சில் உட்காரவில்லை.

"ஏலே வேலு, எங்க முப்பாட்டன் காசு வாங்கிட்டு ராசாவைக் காட்டிக் குடுத்தான்னு நீதான் சொன்னியாம்ல?"

"அய்யா, நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லலங்க. பாறை பேரைக் கேட்டாரு, சொன்னேன்."

"அப்ப பொஸ்தகத்துல போட்டிருக்கிறது பொய்யா?"

அச்சில் வந்ததைப் பொய் என்று சொல்ல அந்த நாளில் எங்கள் ஊரில் யாருக்கும் துணிவு இல்லை.

அதன்பிறகு கடைக்குக் கூட்டம் குறைந்தது. வந்தவர்களும் அப்பா பக்கத்தில் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். இவன் இன்னும் என்னென்ன சொல்லியிருக்கிறானோ என்ற கேள்வி ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. அம்மாவே ஒருநாள், "நெசமா நீங்க ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டாள். அப்பா அன்று சாப்பிடவில்லை. அடுத்த வாரத்துக் கதையை நான் அடுப்பனலில் காட்டிப் பிரித்துக்கொண்டிருந்தபோது சித்தி அதைப் பிடுங்கிப் பொடி எழுத்துக் குறிப்புகளை விரலால் தட்டினாள்.

"என் பொஸ்தகத்தைப் பாரு. மொதப் பக்கத்துலயே எல்லாம் கற்பனைன்னு போட்டுட்டுத்தான் கதையை ஆரம்பிக்கிறான். இவன் அடியில சாட்சி வெச்சுல்ல பொய் சொல்றான். சாட்சி வெக்கிறவனைத்தான்டி நம்பக் கூடாது."

தொடர் பாதி ஓடிய நிலையில் எழுத்தாளர் திரும்ப வந்தார். எதுவும் அறியாதவராக, சிரித்த முகத்தோடு, தொடர் வந்த இதழ்களை அப்பாவுக்குப் பரிசாகக் கொண்டுவந்திருந்தார். அப்பா அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, என்னை ஓடிப்போய்ப் பொன்னையாவை அழைத்துவரச் சொன்னார். பொன்னையாவோடு பாதி ஊர் வந்தது.

"யாரு சொன்னா உங்களுக்கு?" என்றார் பொன்னையா.

எழுத்தாளர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். பிறகு நேர்மையாகவே பேசினார். "யாரும் சொல்லலைங்க. இவர் பாறையோட பேரை மட்டும்தான் சொன்னார். மத்ததெல்லாம் நானே எழுதினது. கதைக்கு ஒரு துரோகி வேணுமில்லைங்களா?"

"அடியில போட்டிருக்கிறது?"

"அப்படிப் போட்டாத்தான் வாசகருக்கு ஒரு நம்பிக்கை வரும்."

அப்பாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நானும் நினைத்தேன். பொன்னையா மஃப்ளர்காரரையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இம்புட்டு விவரமா ஒரு மனுசன் சும்மா எழுதிட முடியுமா? யாரோ சொல்லித்தான இருக்கணும்" என்றவர், அப்பாவிடம் திரும்பி, "இவரையும் நீதான் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தியா?" என்று கேட்டார்.

எழுதியவனே வந்து பொய் என்றபோதும் எழுத்தைத்தான் நம்பினார்கள். அடுத்த பேருந்தில் எழுத்தாளர் போய்விட்டார். எங்களுக்கு இன்னும் சில மாதங்கள் பிடித்தன. கடையை மூடிவிட்டுக் கொடைக்கானலுக்கு வந்தோம். அப்பா ஒரு விடுதிப் பள்ளியின் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஊர்ப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

இன்றும் நான் நிறைய வாசிக்கிறேன், சரித்திர நாவல்கள் உட்பட. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் சந்தேகப்பட்டுக்கொண்டே வாசிக்கிறேன். நாவலாசிரியருக்குப் பிடித்த அரசன் தன் தவறால் ஒருபோதும் தோற்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். அவனைத் தோற்கடிக்க எங்கோ ஒரு சின்ன ஊரில் ஒரு சின்ன மனிதன் விலைபோக வேண்டும். வருணனை எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு எச்சரிக்கை எனக்குள் எழுகிறது. சித்தியின் கொலைக் கதைகளில் கொலைகாரன் கடைசிப் பக்கத்தில் பிடிபடுவான். அவனுக்குப் பேரன் பேத்தி கிடையாது, அவன் பெயரால் யாருடைய அடுப்பும் அணையாது. பொழுதுபோக்கு எழுத்தை மட்டமாகப் பேசுபவர்களிடம் இதை நான் சொல்வதுண்டு. அவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

பேருந்து நிலையத்தில் இப்போது மாத நாவல் தொங்குவதில்லை; அந்தக் கடையில் சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் விற்கிறார்கள். அந்த வாரப் பத்திரிகை நின்றுபோய்விட்டது. சித்தி இல்லை. அப்பாவும் போன வருடம் போய்விட்டார். கடைசிக் காலத்தில் கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கியதால், மாலையில் அவருக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், தலைப்பைக்கூடக் கேட்காமல், முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இதுல வர்ற ஊரு நெசமான ஊராம்மா?"

"இல்லப்பா. சும்மா கற்பனை."

"அப்ப வாசி."