நாகையாவின் காது போனுக்குத் தெரிந்த கதை

சிவகாசியில் ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் அடுத்த வருஷம் பிறந்தாயிற்று. அன்றைக்குத்தான் பூஜை போட்டுப் புதுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அப்புறம் மார்கழி வரை அச்சாபீஸ் மெஷினுக்கு ஓய்வில்லை; மெஷின்மேன் நாகையாவுக்கும்தான்.

ஆள் தாயில்பட்டிக்காரர். வீட்டில் எல்லாரும் வெடிக் கம்பெனி வேன் ஏறியபோது, மருந்து வாடை பிடிக்காமல் மை வாடைக்கு ஓடிவந்தவர். முப்பத்தோரு வருஷமாக ஒரே முதலாளி, இராமகிருஷ்ணன். ஐம்பதாயிரம் தாள் ஓட்டினால் ஐம்பதாயிரத்திலும் அதே முருகன், அதே சிரிப்பு, அடியில் அதே கடைப்பேர். விளம்பரம் என்றால் ஊருக்கெல்லாம் ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

அவருடைய சொத்து காதுதான். அந்தப் பழைய மெஷினில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போனால் சத்தம் துளி மாறும். அத்தனை இரைச்சலிலும் நாகையாவுக்கு அது கேட்டுவிடும். கை தானாக மெஷினை நிறுத்தும். போன வருஷத்திலிருந்து கேட்கவில்லை. மெஷின் உடம்பில் உள்ளங்கையை வைத்து, அதிர்வைக் கொண்டு சமாளித்தார். காது போனவரை எந்த முதலாளி சீசனில் மெஷின் பக்கம் விடுவார்? பெண்டாட்டி பேச்சியம்மாளிடம்கூட மூச்சு விடவில்லை. பேப்பர் குடோனுக்குப் பின்னால் ஒதுங்கி, டைப் அடிக்க வராததால், போனிடம் ஒரே ஒரு தடவை வாயால் கேட்டார்: "காது கேக்குற மெஷின் என்ன வெல?"

மறுநாள் டிசைனர் கீர்த்திகாவுக்குத் தினசரிக் காலண்டர் தாளில் ஒரு நட்சத்திரம் சந்தேகம். பக்கத்தில் நின்ற நாகையாவின் போனை வாங்கிப் பஞ்சாங்கப் பக்கத்தைத் திறந்தாள். ராகுகாலத்துக்கு மேலே ஒரு காது மெஷின். எமகண்டத்துக்குக் கீழே இன்னொன்று. நாகையாவின் கட்டைவிரல் பாய்ந்துபோய் ஒன்றை மூடியது. மற்றது பல்லிளித்தது.

அவள் புரிந்துகொண்டாள். கிட்டே வந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்: "அண்ணே, இது ஒங்களுக்கு மட்டுந்தான் வருது."

"பக்கம் ஒண்ணுதான தாயி?"

"பக்கம் ஒண்ணு. விளம்பரம் ஆளுக்கு ஒண்ணு." தன் போனில் அதே பக்கத்தைக் காட்டினாள். அதே ராகுகாலம், மேலே சுடிதார்.

கலர் சரிபார்ப்பதுபோல நாகையா இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தார். ஐம்பதாயிரம் பேருக்கு ஐம்பதாயிரம் தாள், ஒவ்வொன்றும் வேறு. பிளேட் மாட்டியவன் எவன்? மை ஊற்றியவன் எவன்? பயத்தையும் மீறி, அந்த வேலைக்காரனைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது.

கீர்த்திகா போனுக்குள்ளே எங்கெங்கோ போய் ஒரு பட்டியலைத் திறந்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண். கல்யாணமானவர். கோழி வளர்ப்பில் ஆசை. காதுக் கருவி தேடுகிறவர்.

"கோழி ஆசை எப்பிடித் தாயி தெரியும்? நான் யாருகிட்டயும் சொன்னதில்லையே."

"வீடியோ பாத்திருப்பீக."

முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாததை மூன்று வருஷத்துப் போன் தெரிந்து வைத்திருந்தது. நாகையா அதை மேசையில் மெதுவாக வைத்தார். "நிப்பாட்ட முடியுமா?"

"விளம்பரம் நிக்காதுண்ணே. ஒங்களப் பாத்து வர்றது நிக்கும்." ஒரு பொத்தானைத் தள்ளினாள். "நானும் வாய தெறக்கமாட்டேன்."

அதன்பின் சோப்பும் சமையல் எண்ணெயும் வந்தன. அவருடைய காலண்டர் மாதிரியே, ஊருக்கெல்லாம் பொது. நாகையா நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த வாரம், சாப்பாட்டு நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். தாளில் ஒரு தேதி தப்பாம். காட்டுவதற்காகத் தன் போனில் அதே பஞ்சாங்கத்தைத் திறந்தார். ராகுகாலத்துக்கு மேலே காது மெஷின்.

நாகையாவுக்கு உயிர் போய் வந்தது. விரட்டிய விளம்பரம் நேரே இங்கே வந்து கோள் சொல்லிவிட்டதா? ஆனால் முதலாளியின் கட்டைவிரல் பாய்ந்துபோய் அந்தப் படத்தை மூடியது. பாய்ந்த விதம் நாகையாவுக்கு நன்றாகத் தெரிந்த விதம். ஒரே மெஷின் இருந்த காலத்தில் அதை ஓட்டியவர் இராமகிருஷ்ணன். தாள் அடுக்கிக் கொடுத்தவர் நாகையா. இருவரும் வருஷக்கணக்கில் ஒரே இரைச்சலில் நின்றவர்கள்.

"மொதலாளி, இத நிப்பாட்டலாம்."

"என்னது?"

நாகையா குரலை உயர்த்தினார். "காது மெஷின் விளம்பரம். எனக்கும் வந்துச்சு."

முதலாளியின் கட்டைவிரல் படத்தைவிட்டு விலகியது. "ஏலே, ஒனக்குமா? அப்ப போன சீசன எப்பிடி ஓட்டுன?"

நாகையா உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

முதலாளி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் குரலும் உயர்ந்தது. "நானும் கடைசி ரெண்டு வருசம் அப்பிடித்தாம்லே ஓட்டுனேன். அதுக்கப்பறந்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன். ஞாயித்துக்கெழம மதுரைக்குப் போவோம். ரெண்டு பேரும் காது பாத்துட்டு வருவோம். வெளிய ஒருத்தருக்கும் தெரியவேண்டாம்."

"சரி மொதலாளி. ஒருத்தருக்கும் தெரியவேண்டாம்."

வெளியே மெஷின்கள் நின்றிருந்தன. தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அச்சாபீஸ் மொத்தமும் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.