வியாழக்கிழமைக் கூடை

புதன் மாலை, அரபு நாட்டுத் துறைமுகமான ஸ்ஃபாக்ஸ் நகரத்து வீட்டில் மப்ரூக்காவும் மகள் நஜ்வாவும் வெந்த கோழியிலிருந்து எலும்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சிறைக்குப் போகும் கூடையில் எலும்பு இருந்தால் காவலர் மொத்தத்தையும் திருப்பிவிடுவார்.

"உம்மா, உங்கள உள்ள தள்ளச் சொல்லி பேப்பர்ல எழுதுன மனுஷனுக்கா இந்தக் கூடை?"

"என்னைய இல்லடி, உங்க வாப்பாவ. கதைய ஒழுங்காச் சொல்லு. அந்த றெக்கையையும் பாரு."

அந்த மனுஷன் நூரிதீன், அடுத்த தெருச் சரித்திர ஆசிரியர். தொண்ணூற்றொன்றில் அரசு இஸ்லாமிய இயக்கத்தாரை வீடு வீடாகப் பிடித்தபோது, நாட்டில் மதச்சார்பின்மை பிழைக்க இவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும் என்று எழுதியவர். மப்ரூக்காவின் கணவர் பஷீர் பதினொரு வருடம் உள்ளே இருந்தார். முக்காட்டைக் கழற்ற மறுத்ததால் அவளுக்குப் பள்ளி அலுவலக வேலை போயிற்று. வியாழன்தோறும் கூடை சுமந்தாள். ஒருமுறை எலும்பால் கூடை திரும்பியது. அவளையும் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து பஷீர் மூன்று நாள் சாப்பிடவில்லை. அதன்பின் அவள் ஒரு வியாழனும் தவறவிட்டதில்லை.

புரட்சிக்குப் பிறகு இயக்கம் ஆட்சிக்கு வந்தது. தாடிக்கார இளைஞர்கள் வாசலில் நின்று, மப்ரூக்காவை முகத்தையும் மூடச் சொன்னார்கள்.

"அவுக்கச் சொன்னவனுக்கே நான் பயப்படல. மூடச் சொல்ற உனக்கா பயப்படுவேன்? போய் உங்க உம்மாவுக்குத் தண்ணி தூக்கிக் குடு."

அந்த ஆட்சியும் போனது. பஷீரும் போய்ச் சேர்ந்தார். இப்போது புதிய அரசை எதிர்த்து வானொலியில் பேசியதற்காக நூரிதீன் உள்ளே. அவருக்கு இருப்பது அக்கா ஷத்லியா மட்டும். கூடை கொடுக்கும் அனுமதி அட்டை அவள் பெயரில், முழங்காலோ மடங்காது. கூடையை மப்ரூக்கா தூக்கினாள்.

"பஷீர் இருந்தா பொறுப்பாரா?" என்று பள்ளிவாசல் பெண்கள் கேட்டார்கள்.

"பட்டினின்னா என்னன்னு அவருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

முதல் வாரம் சிறை வாசலில் காவலர் கேட்டார்: "நீங்க கைதிக்கு என்ன உறவு?"

"எதிரி. கூடையப் புடி."

கோழி பிரித்த மறுநாள், வியாழன் விடியற்காலைத் தொழுகைக்கு மப்ரூக்கா எழவில்லை. நஜ்வா தொட்டபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

அடக்கம் மாலைத் தொழுகைக்குப் பின் என்று முடிவானது. வீட்டில் பெண்கள் நிறைந்தார்கள். சமையலறை மேசையில் கூடை, மேலே உம்மா கட்டிய துணி முடிச்சோடு இருந்தது. கூடை வாங்கும் சிறைச் சன்னல் பதினொரு மணிக்கு மூடும். மணி ஒன்பது.

ஷத்லியா சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்தாள். "இந்த வாரம் விடு மகளே. ஊரு என்ன சொல்லும்? மையத்து வீட்ல கெடக்கு."

"இன்னிக்குப் போகலன்னா, உங்க தம்பி உங்களப் புடிச்சிட்டாங்கன்னு நெனைப்பாரு மாமி."

நஜ்வா மின்நிலையப் பொறியாளர். இணைப்புகளைச் சோதிப்பதுபோல, ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒன்றையும் விடாமல் கோழியை விரலால் தடவிப் பார்த்தாள். றெக்கையில் ஒரு சின்ன எலும்பு அகப்பட்டது. நேற்று அவளே விட்டது.

அதை எடுத்து வைத்தாள். முடிச்சை மறுபடி கட்டினாள்.

"அட்டை கொண்டு வந்திருக்கீங்களா மாமி?"