வினோதினிக்குக் கோபம் வந்த நாள்

வினோதினியின் குரலில் இளவரசுக்குப் பெருமை அதிகம். அவனுக்குத் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்கு அருகே பைக் மெக்கானிக் கடை. மனைவி வினோதினி சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கபடியில் கோட்டுக்கு வெளியே நின்று அவள் ஒரு அதட்டல் போட்டால் எதிரணிப் பெண்களே ஒரு கணம் தடுமாறிவிடுவார்கள். வீட்டில் குழம்புக்கு உப்பு குறைந்தாலும் தெருவுக்கே கேட்கும்.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவள்தான் அவனைத் தேற்றினாள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கீமோ ஏறியது. முடி கொட்டியது, வாயெல்லாம் புண். எல்லாவற்றையும் கிண்டலடித்துக்கொண்டே தாண்டினாள். ரத்தத்தில் இப்போது நோய் தென்படவில்லை என்று டாக்டர்கள் சொன்னதும் இளவரசு நின்ற இடத்திலேயே அழுதான். வினோதினி "சரி" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகும் எல்லாவற்றுக்கும் அதே "சரி"தான். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவாள், வைக்காவிட்டால் கேட்கமாட்டாள். மாணவிகள் போன் செய்தால் அது அடித்து ஓயும். தங்கை சுவேதாவுக்குக் குழந்தை பிறந்த செய்திக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். தன்மேல் ஏதாவது கோபமா என்று இளவரசு கேட்டான். இல்லை என்றாள். வருத்தமா என்றான். அதுவும் இல்லை.

"ஒண்ணும் தோண மாட்டேங்குதுங்க" என்றாள்.

நோய் போன பிறகும் படுத்துக் கிடந்தால் எப்படி என்று அவன் அம்மா அமிர்தம் முணுமுணுத்தாள். அவனுக்கும் உள்ளூர அந்தச் சந்தேகம் உண்டு. அடுத்த முறை புதுச்சேரிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கொட்டித் தீர்த்துவிட்டான். அவர் ரத்தம், தைராய்டு எல்லாம் பார்த்தார். வினோதினியிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு அவனைக் கூப்பிட்டார்.

"இது சோம்பேறித்தனம் இல்லை. அவங்க பேசுறதைப் பாத்தா, மனச்சோர்வு மாதிரியும் தெரியலை. இந்த நோயிலயும் சிகிச்சையிலயும் சிலருக்கு ஆசை, ஆர்வம் எல்லாம் மங்கிப்போகும். இனிமே 'வர்றியா'ன்னு கேக்காதீங்க. 'வா போகலாம்'னு கெளப்பிடுங்க. செய்ய ஆரம்பிச்சா ஆர்வம் பின்னாடி வரும். ஒரே நாள்ல வந்துடாது."

அதற்கு ஏற்றாற்போல ஒரு சந்தர்ப்பமும் அமைந்தது. வினோதினியின் கபடி அணி சிதம்பரத்தில் இறுதி ஆட்டத்துக்கு வந்திருப்பதாக அணித்தலைவி அனுப்பிரியா அவனுக்கே போன் செய்தாள். திறந்த மைதானம்தான், மாஸ்க் போட்டுக் கூட்டத்தைவிட்டுத் தள்ளி உட்காரட்டும் என்று டாக்டரம்மா அனுமதித்தார். அன்று காலை அவன் எதையும் கேட்கவில்லை. எழுந்திரு, கிளம்பலாம் என்றான். எங்கே என்றுகூடக் கேட்காமல், நண்பனிடம் அவன் வாங்கி வந்திருந்த காரில் ஏறி உட்கார்ந்தாள்.

முதல் பாதியில் பிள்ளைகள் நன்றாக அடி வாங்கினார்கள். வினோதினி பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் அனுப்பிரியா முழங்காலில் சிராய்ப்போடு ஓடிவந்தாள். எப்படி இருக்கீங்க என்று கேட்டுத் தொலைக்கப்போகிறாள் என்று இளவரசு பயந்தான். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

"மிஸ், அந்த ஏழாம் நம்பர் என் காலையே குறிவெச்சுப் புடிக்கிறா. என்ன பண்றது?"

வினோதினிக்குப் பதிலாகத் தானே ஏதாவது சொல்லிவிட இளவரசின் நாக்கு துடித்தது; அடக்கிக்கொண்டான். விசில் ஊதினார்கள். அனுப்பிரியா திரும்பும்போது, "பாயுறதுக்கு முன்னாடி இடது கால ஊணுவா" என்று வினோதினியின் குரல் தட்டையாக வந்தது. "ஊணுறப்பவே தொட்டுட்டு வந்துடு."

அடுத்த ரெய்டிலேயே ஏழாம் நம்பர் வெளியே போனாள். அதற்குப் பிறகு மைதானம் மைதானமாக இல்லை. புள்ளிகள் மளமளவென்று ஏறின. வினோதினி நாற்காலியின் நுனிக்கு வந்தாள், பிறகு எழுந்தாள், பிறகு மாஸ்க்கை இறக்கிக் கத்தினாள். இளவரசு அதை ஏற்றிவிட்டான், அவள் மறுபடி இறக்கினாள். ஒரு புள்ளிதான் குறைவு, கடைசி ரெய்டு. அனுப்பிரியா இரண்டு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கிப் பாய்ந்தாள். மேலே நான்கு பேர் விழுந்தார்கள். கை கோட்டைத் தொடவில்லை என்று நடுவர் சொல்லிவிட்டார். தோல்வி.

வினோதினி இளவரசின் பக்கம் திரும்பினாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"கை கோட்டைத் தாண்டிடுச்சு. நீங்க பாத்தீங்களா இல்லியா?"

அவன் ஆட்டத்தையே பார்க்கவில்லை. இவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டான்.

"அப்புறம் எதுக்குங்க வந்தீங்க?"

தள்ளி நின்ற கூட்டமே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் போட்ட கத்தலில் அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தோற்ற பிள்ளைகள் தேம்பிக்கொண்டிருக்க, அவன் ஒருவன் மட்டும் கோப்பை வாங்கியவன்போல நின்றான். ஆலப்பாக்கம் வரும்வரை அவள் அந்த நடுவரை விடவில்லை. பிறகு களைத்துப்போய்த் தூங்கிவிட்டாள்.

மறுநாள் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டாக்டரம்மா சொல்லியிருந்தும் அவனுக்கு மனசு விட்டுப்போனது. ஆனாலும் போய்க் கையைப் பிடித்தான். எழுந்து வந்தாள்.

அப்படியே மாதங்கள் ஓடின. இப்போது வாரத்தில் சில நாள் பயிற்சிக்குப் போகிறாள். சும்மா நின்றுவிட்டு வரும் நாளும் உண்டு. அப்போதெல்லாம் பிள்ளைகள் ஆளுக்கொரு சந்தேகத்தோடு அவளைச் சூழ்ந்துகொள்கிறார்கள்.

போன வாரம் இளவரசு ஒரு பைக்கின் என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தபோது போன் வந்தது. வினோதினி. அவளாகக் கூப்பிட்டு மாதக்கணக்காகிறது.

"சங்கரா மீன் சாப்புடணும்போல இருக்குங்க. வரும்போது வாங்கிட்டு வாங்க."

வரும்போதா? என்ஜினை அப்படியே போட்டுவிட்டு, கிரீஸ் கையைக்கூடத் துடைக்காமல், அவன் துறைமுகத்துக்கு வண்டியை விரட்டினான்.